கழிசல் முதலில்

ஹார்ட் டிஸ்க் பழுது பார்க்கிறவன் கடை மாடியில் இருந்தது. ஏலக்காரர் படியேறி முடிப்பதற்குள் அவர் மனைவி மேலே போய்ப் பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி, இது எங்க பொண்ணோடது. தானா நின்னு போச்சு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிட்டிருந்தது."

கடைக்காரன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு மூலை நசுங்கி உள்ளே போயிருந்தது. கம்ப்யூட்டரில் சொருகிக் காதோரம் வைத்தான். டிக், டிக், டிக் என்றது. உடனே பிடுங்கிவிட்டான்.

"விழுந்திருக்கும்மா."

"விழவே இல்லை."

"சரி. விழாமலே அடிபட்டிருக்கு."

ஏலக்காரர் நசுங்கிய மூலையைப் பார்த்தார். வீட்டு அடுப்பு மேடையின் உயரம் அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது இப்போது அவருக்குப் பெரிய காரியமில்லை. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. படியேறிய களைப்பில் துணி உள்ளே போய் வெளியே வந்தது.

"உள்ள என்ன இருக்கு?" என்று கடைக்காரன் கேட்டான்.

"இவர் குரல்" என்றாள்.

அவன் கழுத்துத் துணியை ஒருமுறை பார்த்தான். பிறகு பெட்டியை மேசைமேல் வைத்தான். முன்னைவிட மெதுவாக வைத்தான்.

மொத்தக் காய்கறிச் சந்தையில் முப்பது வருடம் ஏலம் விட்டவர் அவர். லாரி இறங்கும் சத்தத்துக்கு மேலே அவர் சத்தம் கேட்கும். வீட்டிலும் அதே தொண்டைதான். தண்ணீர் கேட்டால் தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். கட்டி என்று தெரிந்ததும், அறுவைக்கு முன்னால் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளச் சொன்னாள் ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிக்காரி. வாக்கியங்கள் அச்சடித்த தாள்களைக் கொடுத்தாள். எல்லாவற்றையும் வாசித்துப் பதிந்தால், பின்னாளில் அவர் போனில் தட்டுவதைப் போன் அவர் குரலிலேயே சொல்லும். புண் ஆறியதும் கொண்டு வாருங்கள் என்றாள்.

மகள் லீவு போட்டு வந்தாள். தன் பழைய அறையின் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டாள். மைக்கை வைத்தாள். அவர் வாசித்தார். தப்பினால் மறுபடி வாசித்தார். நன்றாக வந்ததை ஒரு ஃபோல்டரில் போட்டு 'முதல் ரகம்' என்று பேர் வைத்தாள். தப்பியது, இருமியது, நடுவில் வாசிப்பதை விட்டுவிட்டுக் கத்தியது எல்லாம் இன்னொன்றில். அதற்குப் பேர் 'கழிசல்'. ஏலக்காரர் மகள் வேறென்ன பேர் வைப்பாள்?

"கழிசலை அழிச்சிடவாப்பா?"

"இருக்கட்டும். அது என்ன சோறா கேக்குது?"

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், அவள் ஊருக்குப் போனாள். லேப்டாப்பில் இடமில்லை என்று பதிவையெல்லாம் இந்தக் கறுப்புப் பெட்டியில் போட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். இன்னொரு பிரதி எடுக்க வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிக்கொண்டே இருந்ததுதான் நடந்தது.

இப்போதைக்கு அவர் தட்டுவதைப் போன் ஒரு பெண் குரலில் சொல்கிறது. பாங்கில் டோக்கன் எண் கூப்பிடுகிற குரல். 'பசிக்கிறது' என்பதையும் 'தூங்கப் போகிறேன்' என்பதையும் ஒரே மாதிரிச் சொல்லும். மனைவிக்கு அவளைக் கண்டால் ஆகாது. "சக்களத்தி" என்பாள். "நாற்பது வருஷம் கழிச்சு எனக்கு ஒருத்தி வந்து சேர்ந்திருக்கா பாருங்க."

கடையிலிருந்து இறங்கி பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். பஸ் வரவில்லை. அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். திறந்து மூடினாள்.

"நான்தான் கீழ போட்டேன்" என்றாள். "சமைக்கும்போது அதைப் போன்ல சொருகிக் கேப்பேன். நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப ஆரம்பிச்சது. வந்தப்புறமும் நீங்க தூங்கறப்ப கேப்பேன். வயர் கையில மாட்டிக்கிச்சு."

அவர் தலையசைத்தார்.

"தெரியுமா?"

தலையசைத்தார்.

"தெரிஞ்சா திட்ட வேண்டியதுதானே?"

அவர் போனை எடுத்தார். என்ன தட்டுவது என்று தெரியவில்லை. கோபம் வருகிறதா என்று பார்த்தார். பல் பிடுங்கிய இடத்தில் நாக்கை வைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒன்றும் இல்லை. 'பரவாயில்லை' என்று தட்டினார்.

"பரவாயில்லை" என்றது பெண் குரல்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதுக்கு நீங்க ரெண்டு அறை விட்டிருக்கலாம்."

பஸ் வந்தது. ஏறினார்கள்.

அதற்கப்புறம் நாள் போனது தெரியவில்லை. அவர் காலையில் எழுந்தார். துளையைத் துடைத்தார். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார், படித்தது எதுவும் தங்கவில்லை. சந்தையிலிருந்து பழைய கூட்டாளி ஒருவர் வந்து உட்கார்ந்து, அவருக்கும் சேர்த்துப் பேசிவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வெளியே ஆள்கள் வண்டியை நிறுத்தினார்கள், எடுத்தார்கள். அடுப்பங்கரையில் மனைவி சத்தமில்லாமல் வேலை செய்தாள். முன்பெல்லாம் அவள் பாத்திரம் கழுவினால் பக்கத்து வீட்டில் குழந்தை எழுந்துவிடும்.

கடைக்காரன் கூப்பிட்டான். நேரில் வர வேண்டும் என்றான்.

அன்று அவன் முகமூடியும் கையுறையும் போட்டிருந்தான். அறையின் மூலையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று, உள்ளே காற்று ஓடும் சத்தம். மேசைமேல் அவர்கள் டிஸ்க் ஓடு கழற்றப்பட்டு, வயர்களோடு கிடந்தது. மனைவி சற்றுத் தள்ளியே நின்றாள்.

"பிழைக்குமா டாக்டர்?"

"நான் டாக்டர் இல்லம்மா. தட்டைப் படிக்கிற முள்ளு உடைஞ்சிருந்தது. இதே மாடல் இன்னொண்ணு தேடி வாங்கி, அதோட முள்ளை எடுத்து இதுல வச்சிருக்கேன். ஆனா தட்டுலயே கீறல் இருக்கு. புது முள்ளு அதுல உரசி உரசி ஓடுது. எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது."

"முகமூடி போட்டவங்க எல்லாருமே சொல்லி வச்ச மாதிரி இதைத்தான் சொல்றாங்க."

அவன் சிரித்தான். திரையைத் திருப்பிக் காட்டினான். கட்டம் கட்டமாக இருந்தது, எல்லாம் சாம்பல் நிறம்.

"பட்டியல் வந்துடுச்சு. ரெண்டு ஃபோல்டர். ஒண்ணு முழுசா வந்துடும்னு நினைக்கிறேன். ரெண்டாவதுக்கு முள்ளு உயிரோட இருக்குமான்னு தெரியாது. அதான் வரச் சொன்னேன். எது முதல்ல?"

"முதல் ரகம்தான். பொண்ணும் அதான் சொன்னா. அதுதான் மெஷினுக்கு வேணுமாம். இன்னொண்ணு வெறும் குப்பை." அவள் கைப்பைக் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"ரெண்டுலயும் மாதிரிக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். இவர் குரல்தானான்னு பாத்துக்கங்க. அப்புறம் ஆரம்பிக்கிறேன்."

தட்டினான்.

"தயவுசெய்து கதவைச் சாத்துங்கள்" என்றது ஸ்பீக்கர். ஆண் குரல். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்தாற்போல. "எனக்கு ஒரு குவளை தண்ணீர் வேண்டும். உங்கள் உதவிக்கு நன்றி."

ஏலக்காரர் கேட்டார். தன்னுடையதுதான். ஆஸ்பத்திரியில் காட்டிய எக்ஸ்ரே படமும் தன்னுடையதுதான்.

"இதான்" என்றாள் மனைவி. பிறகு, "தயவுசெய்து!" என்றாள். "என் ஆயுசுல இவர் வாயால கேட்டதில்லை. இது யார் வீட்டு மாப்பிள்ளை?"

"இது இன்னொண்ணு" என்று கடைக்காரன் தட்டினான்.

முதலில் எங்கோ தூரத்தில் பாத்திரம் விழும் சத்தம். பிறகு நாற்காலி நகரும் சத்தம். பிறகு அறை முழுக்க அவர்.

"ஏய்! அங்க என்ன பாத்திரக்கடையா நடத்துற? இங்க ஒருத்தன் தொண்டையை அடகு வச்சுட்டு உக்காந்திருக்கான். வச்சது வச்ச இடத்துல இருக்கட்டும், கையை எடு!"

கொக்கியின் சத்தம் நின்றது.

ஏலக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் விரல் கொக்கியின் மேலேயே இருந்தது. அசையவில்லை. அவள் ஸ்பீக்கரைப் பார்க்கவும் இல்லை. அவர் சொன்னார், நிறுத்தினாள், அவ்வளவுதான். ஸ்பீக்கரில் மகள் சிரித்தாள். அதே பதிவில் தூரத்திலிருந்து மனைவி, "ஆமா, பெரிய கச்சேரி கெட்டுப் போச்சு" என்றாள். பதிவு முடிந்தது. அவள் விரல் அங்கேயே இருந்தது.

"ஒண்ணு சொல்லுங்க" என்றான் கடைக்காரன். "முள்ளு சும்மா சுத்திட்டிருந்தாலும் தேயும்."

சந்தையில் நல்ல சரக்கு எல்லாம் போன பிறகு, கடைசியில் கழிசலைக் குவித்து ஒரே குவியலாக ஏலம் விடுவார்கள். வெடித்த தக்காளி, ஒடிந்த கீரை. அதற்கு அவர் தொண்டையைச் செலவு செய்ததில்லை. ஆனால் வாங்க ஓர் ஆள் நிற்காத நாளும் கிடையாது.

அவர் போனை எடுத்துத் தட்டினார்.

"கழிசல் முதலில்" என்றது பெண் குரல்.

கடைக்காரன் முகமூடியைக் கீழே இறக்கினான். "சார், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்த இன்னொரு ஃபோல்டர்தானே உங்களுக்கு..."

"உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்றாள் மனைவி. "தம்பி, அவர் தப்பாத் தட்டிட்டார். முதல் ரகம் போடுங்க. என்னங்க, அதை வச்சு நான் என்ன பண்ண? குப்பைல போட்டதைக் கேட்டுட்டிருந்தேன், எனக்கு அறிவில்லை. அதுக்காக நீங்க காலம் பூரா இந்தச் சக்களத்தி வாயால பேசுவீங்களா?"

அவர் மறுபடி தட்டவில்லை. அதே பொத்தானை அழுத்தினார்.

"கழிசல் முதலில்."

இன்னும் ஒரு தரம் அழுத்தினார்.

"கழிசல் முதலில்."

மூன்று தரம் ஆகிவிட்டது. அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். போனைச் சட்டைப்பையில் போட்டார்.

கடைக்காரன் அவளைப் பார்த்தான். அவள் டிஸ்க்கைப் பார்த்தாள். அவன் முகமூடியை ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தான். திரையில் ஒரு கட்டம் பச்சையானது. சிறிது நேரம் கழித்து அடுத்தது. அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். டிஸ்க் நடுநடுவே கரகரத்தது. கரகரக்கும்போதெல்லாம் அவள் தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டாள். அவர் தொடவில்லை.

கழிசல் முழுக்க வந்தது. முதல் ரகத்தில் கொஞ்சம் பச்சை வந்தது. பிறகு சிவப்பு. பிறகு டிக், டிக், டிக். கடைக்காரன் மின்சாரத்தை நிறுத்தினான்.

"அவ்வளவுதான்" என்றான்.

மகள் போனில் அழுதாள். "ஏம்ப்பா இப்படிப் பண்ண? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றாள். கேட்பதற்கு அவரிடம் வார்த்தை எங்கே இருக்கிறது என்று மனைவி அவளை அதட்டினாள். பேச்சுப் பயிற்சிக்காரி, மீட்டதை வாங்கிக் கேட்டாள். முதல் ரகத்தில் இருப்பது போதாது. இன்னொன்றில் பாதி இருமல், பாதி சிரிப்பு, எல்லாவற்றிலும் பாத்திரச் சத்தம், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வருத்தமாக இருக்கிறது என்றாள். அவர் தலையசைத்தார். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று 'பரவாயில்லை' பொத்தானை அழுத்தினார்.

கழிசல் இப்போது மனைவியின் போனில் இருக்கிறது. கடைக்காரனே ஏற்றிக் கொடுத்தான். இரண்டு பிரதி, மூன்று பிரதி எடுத்து வைக்கச் சொன்னான். மகள் நாலு எடுத்தாள்.

ஒருநாள் மத்தியானம் அவர் கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு பாத்திரம் தொட்டியில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. இது பழைய சத்தம். பக்கத்து வீட்டுக் குழந்தை சிணுங்கியது. மூன்றாவதும் விழுந்தபோது அவர் போனை எடுத்துத் தட்டினார்.

"சத்தத்தைக் குறை" என்றது பெண் குரல்.

"நீ யாருடி என்னைச் சொல்ல?" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

தட்டு ஒன்று வேண்டுமென்றே விழுந்தது. அதற்குப் பிறகு சிறிது நேரம் சத்தம் இல்லை. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"ஏய்! அங்க என்ன பாத்திரக்கடையா நடத்துற?" என்று அடுப்பங்கரையிலிருந்து அவர் கத்தினார்.

கூடத்தில் அவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். காதைக் கொடுத்தார். அவர் கத்தி முடித்தார், மகள் சிரித்தாள், மனைவி எதிர்ப்பேச்சுப் பேசினாள், பதிவு நின்றது. குழாய் திறந்தது. தண்ணீர் ஓடியது. பாத்திரங்களை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், அவள் கவிழ்த்து வைத்தாள்.