மூணு சுழிக் கண்ணு

எழிலியின் மேல் பாசம் வைக்கக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் சடையங்குப்பத்துக்கு வேலைக்குப் போனேன். குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன், தலை வாரிவிடுவேன், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. என் மகன் அபின் மூளைக்காய்ச்சலில் போனதிலிருந்து சின்னப் பிள்ளைகளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்புறம் எதற்கு ஆயா வேலை என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அபினின் அப்பா, அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே லாரி விபத்தில் இறந்துவிட்டார். ராயபுரத்தில் ஊரார் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்துத்தான் என் பிள்ளைக்குச் சோறு போட்டேன்.

என்னை வேலைக்கு வைத்த செங்குட்டுவன் மாடு வைத்துப் பிழைக்கிறவர். பசுவும் எருமையுமாகக் கொட்டகை நிறைய நிற்கும். கொட்டகைக்கு இந்தப் பக்கம் மணலி ஆலைகளின் புகைக்கூண்டுகள், அந்தப் பக்கம் ஆற்றோரப் புல்வெளி. மனைவி கோமதி மஞ்சள் காமாலையில் இறந்தபின், நாலு வயது மகள் எழிலியையும் மாடுகளையும் ஒற்றை ஆளாகப் பார்க்க முடியாமல் தண்டையார்பேட்டை ஏஜென்சியில் ஆள் கேட்டிருந்தார். மனிதர்களிடம் அதிகம் பேச மாட்டார். பேசுவதெல்லாம் மாடுகளிடம்தான். "இன்னாடி, காலைலேர்ந்து மூஞ்சத் தூக்கி வெச்சிகினுகீற?" என்று எருமையிடம் அவர் கெஞ்சுவதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. சிரித்ததற்காக என் மேல் எனக்கே எரிச்சலும் வந்தது.

சேர்ந்த புதிதில் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அந்த வார்த்தை ஒரு காவல். ஆட்டோக்காரர் அண்ணா, மீன்கடைக்காரர் அண்ணா, சொல்லிவிட்டால் நடுவில் சுவர் எழுந்துவிடும். ஒருநாள் பார்த்தால், நான் அந்த வார்த்தையைச் சொல்லியே ரொம்ப நாளாகிவிட்டிருந்தது. "இந்தாங்க, காப்பி." "இங்க பாருங்க, பாப்பா சாப்ட மாட்டேங்குது." இப்படி அண்ணாவைத் தாண்டித் தாண்டியே பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலையில் கறந்ததும் ஒரு டம்ளர் பாலை எனக்கென்று சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் போவார்.

கோமதியின் அண்ணன் கிருஷ்ணப்பன் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். தங்கை மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் என்னை ஓரமாகக் கூப்பிடுவார். "உஷாரா இரும்மா. இவன் இன்னொருத்திய கட்டிக்கத்தான் போறான். அதுக்கு முன்னாடி புள்ளைய எவன்கிட்டயாவது தள்ளி வுட்டுடுவான், பாத்துகினே இரு." நான் நம்பவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்துவிட்டால் சும்மா கிடக்காது, உள்ளே போய்க் குடையும்.

அந்தச் சமயத்தில்தான் மயிலை என்ற பசு, குப்பையில் கிடந்த பிளாஸ்டிக்கைத் தின்று செத்துப்போனது. பிறந்த கொஞ்ச நாளிலேயே அதன் கன்று தனியாகிவிட்டது. அதற்குப் புட்டியில் பால் கொடுக்கும் வேலையை நானும் எழிலியும் எடுத்துக்கொண்டோம். புட்டிப்பால் ஒத்துக்கொள்ளாமல் கழிந்து கழிந்து இளைத்தது. ஆனாலும் என் முந்தானையைச் சப்பியபடி போகுமிடமெல்லாம் பின்னாலேயே வரும். "மெர்லீ, மெர்லீ" என்று மெர்லின் என்ற என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டு எழிலி ஒரு கையைப் பிடித்துக்கொள்வாள், அது முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். என் தீர்மானம் என்ன ஆயிற்று என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு மத்தியானம் பொன்னேரியிலிருந்து வேம்பு என்று ஒருவர் வந்தார். கொட்டகை வாசலில் எழிலி கன்றைக் கட்டிப்பிடித்து நின்றிருந்தாள். வேம்பு அந்தப் பக்கமே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழிலிக்கு பிஸ்கட் கொடுத்துக் கன்னத்தைத் தட்டினார். கிளம்பும்போது செங்குட்டுவனின் தோளில் கை போட்டு, "கவலைய வுடு. எங்க வூட்ல நல்லா வளரும்" என்றார். நான் போய் எழிலியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் செங்குட்டுவன் போனில் பேசியது அப்படியே கேட்டது.

"இல்ல வேம்பு, நாளைக்கே ஏத்திகினு வந்துர்றேன். தாயில்லாத கண்ணு, இங்க வெச்சிகினு நான் இன்னா பண்றது? ஆமா, மெர்லின்கிட்டதான் ஒட்டிகினு கீது. அதான் அவங்ககிட்ட சொல்லல. சொன்னா அழுவாங்க, வுட மாட்டாங்க. மத்தியானம் அவங்க கொஞ்சம் படுப்பாங்க, அப்ப ஏத்திர்றேன்."

கையிலிருந்த ஈரத்துணி மண்ணில் விழுந்தது. எழிலியை அவர் எப்போதும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். தாயில்லாத கண்ணு. என்னிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணு. கிருஷ்ணப்பன் சொன்னது சரியாகிவிட்டது. நேரே போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? என் பொண்ணு, நான் எங்கே வேண்டுமானாலும் விடுவேன், உனக்கென்ன என்று கேட்டுவிட்டால்? நான் யார், ஆயா. இந்த மனிதருக்காகவா அண்ணாவை விட்டேன் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் பால் ஊற்றப் போனதும் எழிலிக்கு நல்ல கவுனாகப் போட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ராயபுரம் போய், அங்கிருந்து கிருஷ்ணப்பனை வரச் சொல்லி அவர் கையில் பிள்ளையை ஒப்படைப்பது என்று திட்டம். போலீஸ், கேஸ் எதுவும் மண்டையில் ஏறவில்லை. என் பிள்ளையைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. இவளையாவது யாரிடமும் தூக்கிக் கொடுக்க விட மாட்டேன்.

பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்காரும்போது போன் அடித்தது. செங்குட்டுவன். எடுக்காமல் இருந்திருக்க வேண்டும். என் வாய் என்னிடம் இருந்தால்தானே?

"எங்க கீறீங்க? வூடு தொறந்து கெடக்குது, பாப்பாவையும் காணோம்?"

"பாப்பா எங்கிட்ட பத்திரமா கீது. பெத்த பொண்ண எவனோ வேம்புக்குத் தூக்கிக் குடுக்கிற ஆளுகிட்ட நான் எதுக்குச் சொல்லிகினு வரணும்?"

"எழிலியவா? வேம்புக்கா? இன்னா பேசுறீங்க?"

"எல்லாம் என் காதால கேட்டேன். தாயில்லாத கண்ணு, மெர்லினுக்குத் தெரியாம ஏத்திர்றேன்னு நீங்க சொல்லல?"

"ஐயோ, அது நாலு கால் கன்னும்மா! மயிலையோட கன்னு! வேம்பு வூட்டு மாடு ஈன்ன கன்னு செத்துப் போச்சி. அந்த மாட்டுகிட்ட இத வுட்டா தாய்ப்பால் குடிச்சிப் பொழைச்சிக்கும்னு சொன்னேன்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் எங்களைக் குட்டிக் குட்டிச் சொல்லித் தருவார். மாட்டுக் கன்னுக்கு இரண்டு சுழி, முகத்துக் கண்ணுக்கு மூன்று சுழி, மூன்று சுழிக்கு நாக்கை மடிக்க வேண்டும் என்று. பேப்பரில் மடித்தோம். பேச்சில் வடசென்னையில் எவன் மடிக்கிறான்? அவர் இரண்டு சுழியில் பேசியிருக்கிறார், நான் மூன்று சுழியில் கேட்டிருக்கிறேன். இதற்காக ஒரு பிள்ளையைக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பாப்பா, இங்க பாரு உங்கப்பா" என்று திரும்பினேன். பெஞ்சில் எழிலி இல்லை.

பெஞ்சுக்கு அடியில் இல்லை. தண்ணீர்க் குழாயிடம் இல்லை. எண்ணூர்ப் பக்கமிருந்து வண்டி வரும் சத்தம் கேட்டது. நான் பிளாட்பாரத்தின் விளிம்பிலேயே ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன். பூக்கார அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தி, "பையன் இன்னா சட்ட போட்டுகினு இருந்தான்?" என்று கேட்டாள். "பையன் இல்ல, பொண்ணு" என்றேன். "அபின் அபின்னு கத்துற?" என்றாள். அப்போதுதான் என் வாயிலிருந்து எந்தப் பெயர் வந்துகொண்டிருந்தது என்று எனக்கே தெரிந்தது. வண்டி வந்து நின்றது. கூட்டம் இறங்கியது. இறங்கியவர்களின் கால்களுக்கு நடுவிலெல்லாம் தேடினேன்.

கையிலிருந்த போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"மெர்லின். மெர்லின், நான் சொல்றத கேளுங்க. ஓடாதீங்க. அங்க பக்கத்துல எங்கனா மாடு கீதா பாருங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் எருமையிடம் பேசும் அதே நிதானத்தில் இருந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே ஓடினேன். தர்பூசணி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு தெருமாடு தோலைத் தின்றுகொண்டிருந்தது. எழிலி அதன் கழுத்துக்கடியில் சொறிந்துகொடுத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், "மெர்லீ, இதுக்கு ரொம்பப் பசி. யாருமே ஒண்ணும் போடல" என்றாள். நடுரோட்டில் மண்டிபோட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அழுதேன். மாடு என் தோளை நக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தர்பூசணிக்குப் போனது.

போனில் இடத்தைச் சொன்னேன்; கொஞ்ச நேரத்தில் செங்குட்டுவன் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் வந்து சேர்ந்தார். மகளைத் தூக்கி முகத்தை அவள் கழுத்தில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். வேலை போச்சு, ஒரு அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலைகுனிந்து நின்றேன். அவர், "உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார்.

அந்த நேரத்தில் என்னிடம் காட்டவென்று அவர் வண்டியின் பின்னால் ஏற்றிக் கட்டி வந்திருந்த கன்று என்னைப் பார்த்துக் கத்தியது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்று புரிந்தது. தப்பெல்லாம் என் பேரில் இருக்கும்போதே கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"கன்னு செத்த மாட்டுகிட்ட தாயில்லாத கன்ன வுடுறீங்க. நல்ல யோசனதான். என்னையும் அந்த மாதிரிதான் கொண்டாந்தீங்களா? புள்ள செத்தவ ஒருத்தி வேணும்னு ஏஜென்சில கேட்டு வாங்கினீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் ஐயையோ இல்லை என்றிருப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை.

"கேட்டு வாங்கல. ஆனா ஏஜென்சில உங்க கதையச் சொன்னப்ப, சரி, இவங்க பாப்பாவ நல்லா பாத்துப்பாங்கன்னு நெனச்சேன். மாட்டுக்காரன் புத்தி. தப்புதான்."

"இப்ப இன்னா நெனைக்கிறீங்க?"

"இன்னிக்கு வூட்டுக்கு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் இல்ல. பாப்பா உங்ககூட இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு தெரியும். ஆனா நீங்க திரும்பி வரலன்னா உங்கள எங்க போய்த் தேடுறதுன்னுதான் தெரியல." அவர் என்னைப் பார்க்காமல் கன்றின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "ஏறுங்க. இதுவே உங்ககிட்ட சொல்லாம பண்ணதால வந்த வினை. நீங்களே வந்து வுடுங்க."

மணலிச் சாலையில் டேங்கர்கள் வரிசைகட்டி நின்றன. வண்டி ஊர்ந்தது. எழிலி என் மடியில் தூங்கிவிட்டாள். அவர் முன்னால் இருந்த லாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போன்ல அபின் அபின்னு கூப்டீங்க. அதான் உங்க பையன் பேரா?"

அவன் போனபிறகு அந்தப் பெயரை என் முன்னால் யாரும் சொல்வதில்லை. சொந்தக்காரர்கள்கூட 'அந்த விஷயம்' என்பார்கள். சர்ச்சில் கண்டால் என் தலையைத் தடவிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அவன் பிறக்கவே இல்லை என்பது போல ஆக்கிவிட்டார்கள்.

"ஆமா" என்றேன்.

"எப்டி இருப்பான்?"

சொன்னேன். முன்பல் விழுந்த இடத்தில் நாக்கை விட்டுக்கொண்டே பேசுவான் என்றேன். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் இவனும் ஊதுவான் என்றேன். கத்திரிக்காயைக் கண்டால் ஓடுவான், பொய் சொன்னால் காது சிவந்துவிடும் என்றேன். ஆரம்பித்தது நிற்கவே இல்லை. கப்பல் எப்படி ஊதுவான் என்று மட்டும் அவர் நடுவில் கேட்டார். நான் ஊதிக் காட்டினேன். பக்கத்து டேங்கர் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பொன்னேரியில் வேம்பு உப்பும் தவிடும் பிசைந்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். அதைக் கன்றின் முதுகில் தடவினால் மாடு நக்கிப் பழகிக்கொள்ளுமாம். வண்டியிலிருந்து தூங்கும் பிள்ளையோடு நான் இறங்குவதைப் பார்த்து, "இவங்க யாருப்பா?" என்று கேட்டார்.

பாப்பாவைப் பார்த்துக்கொள்கிற ஆயா என்பார், அதிகம் போனால் எங்கள் வீட்டில் இருப்பவர் என்பார் என்று நின்றேன். செங்குட்டுவன் கன்றை இறக்கிக்கொண்டே, வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"இவங்க மெர்லின். அபினோட அம்மா."