கன்னியம்மா பீச்

சுடுகாட்டுக்கு யாரோ ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். கீழே ஒரு வரி: 'அமைதியான இடம். உள்ளே போன யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.'

ஜெனிபருக்குச் சோறு புரையேறியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு, வரும் போகும் லாரிக்கு கேட் பாஸ் அடிக்கிற வேலை. பி.காம். படித்து, அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குபவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளும் பக்கத்து மேசை காயத்ரியும் போன் வரைபடத்தைத் திறந்து, ஊர்க்காரர்கள் எந்தெந்த இடத்துக்கு என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சிரிப்பார்கள். லாரி எடை போடும் இடத்துக்கு ஒரு டிரைவர் எழுதியிருந்தான்: 'எடை கரெக்டா காட்டுது. பொண்டாட்டிதான் நம்ப மாட்டேங்குறா.'

"ஏய், உங்க தெருவாண்ட பீச் இருக்காமே? சொல்லவே இல்ல?" என்றாள் காயத்ரி.

ஜெனிபர் எட்டிப் பார்த்தாள். கன்னியம்மா பீச். சுற்றுலாத் தலம். நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து நாலரை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். திறந்திருக்கும் நேரம்: இருபத்து நாலு மணி நேரமும். 'அலை கிடையாது, கொசு உண்டு.' 'செருப்போடு வந்தால் செருப்பில்லாமல் போகலாம்.' கூடவே இருந்த படத்தில், தண்ணீருக்கு நடுவே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான் ஒருத்தன்.

காயத்ரி விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெனிபர் டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். கன்னியம்மா அவளுடைய அம்மா. அது அவள் வீட்டு வாசல்.

இரண்டு வருடமாக அங்கே சாக்கடைத் தண்ணீர் நிற்கிறது. பக்கத்து இரும்புக் கம்பெனி மதில் எழுப்பியபோது, ரோட்டுக்கு அடியில் போகும் குழாயின் வாயை யாரோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கன்னியம்மாவுக்குச் சர்க்கரை. வலது பாதத்தில் புண். தண்ணீரில் கால் வைத்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தம்மா காலில் பால் கவரைக் கட்டிக்கொண்டு, தினமும் அந்தத் தண்ணீரைக் கடந்துதான் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய் வருகிறாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் வசந்தகுமார். எதிர் வீடு. போர்க்லிப்ட் ஓட்டுகிறவன், பத்தாவது வரை அவளோடு படித்தவன். சாயங்காலம் வந்ததும் நேராக அவனிடம் போனாள்.

"டேய், எங்கம்மா கால் அழுவிக்கினு இருக்குது. உனுக்குக் காமெடியா?"

"கோச்சுக்காத ஜெனி. நீ மனு போட்ட, இன்னா ஆச்சு? மூடிட்டானுங்க. இத எவனாலயும் மூட முடியல பாரு."

"மொதல்ல அத தூக்கு."

"சரி, தூக்கிட்றேன். பேஜாரு பண்ணாத."

அவன் போனை எடுத்தான். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"இரு. இது எப்போ எடுத்தது?"

"ஏப்ரல். பெரிய வெள்ளி அன்னிக்கு. எல்லாரும் புடவைய தூக்கிக்கினு போறாங்க பாரு."

"அது?"

"மே மாசம். கத்திரி வெயிலு. அதான் கூலிங் கிளாஸு."

அவளுடைய மனுவுக்கு வந்த பதில் அவளுக்கு மனப்பாடம். 'கள ஆய்வு செய்யப்பட்டது. மழைக்காலத்தில் மட்டும் தற்காலிகமாக நீர் தேங்குகிறது. மனு முடித்துவைக்கப்படுகிறது.' களத்துக்கு ஒரு ஈ கூட வரவில்லை. இங்கே வருடம் முழுக்கப் படம் இருக்கிறது, மாதம் போட்டு.

"தூக்காத," என்றாள். "தெருவுல ஒருத்தர் வுடாம எழுதச் சொல்லு. யாரு வுழுந்தாங்க, யாருக்கு ஜொரம் வந்துச்சு, எல்லாம்."

"காமெடி வேணாமா?"

"இருக்கட்டும். ஆனா தேதி இருக்கணும்."

பத்து நாளில் நாற்பத்து மூன்று பதிவு நூற்றுப் பதினொன்று ஆனது. அத்தனையையும் அச்செடுத்தாள். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூருக்குப் போய் மனு நாள் வரிசையில் நின்றாள். அங்கிருந்து பொறியாளர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் முதல் பக்கத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னம்மா, பீச்சா? எவனோ விளையாட்டுக்குப் போட்டத எடுத்துட்டு வந்திருக்கியே?"

"ஆமா சார், விளையாட்டுக்குத்தான் போட்டாங்க. மாசத்தப் பாருங்க. ஏப்ரல், மே, ஜூன். மழக்காலத்துல மட்டும்னு உங்க ஆபீஸ் எழுதிச்சே, அதுவும் விளையாட்டுக்கா?"

சிரிப்பு நின்றது. புரட்டினார். "சரி, நேர்ல வந்து பாக்குறோம். தகவல் சொல்லுவாங்க."

"போன தபா தகவலும் வர்ல, ஆளும் வர்ல சார். தேதி எழுதிக் குடுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

"அப்போ நான் இங்கயே உக்காந்துக்குறேன். லீவு போட்டுட்டுதான் வந்தேன்."

உட்கார்ந்தாள். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கப்பட வேண்டியவள் தான் அல்ல என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அவர் ஒரு துண்டுச் சீட்டில் வியாழன், பதினோரு மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வியாழனன்று ஜீப் வந்தது. தெருவே வாசலில் நின்றது. மதிலோரம் இரும்புக் கம்பெனி செக்யூரிட்டி நின்றார். பொறியாளர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், தன் ஷூவையும் பார்த்தார்.

"குழாய் அடைச்சிருக்கு. வாஸ்தவம்தான். கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி..."

"அந்தச் செங்கல் கம்பெனி எடத்துலயா சார், ரோட்டு எடத்துலயா?"

அவர் மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். செக்யூரிட்டி தொண்டையைச் செருமினார்.

"ரோட்டு இடம்தான்," என்றார் பொறியாளர்.

"அப்போ கம்பெனிய இன்னாத்துக்குக் கேக்கணும்?"

அவர் வரைபடத்தை மடித்தார். ஜெனிபர் சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். வசந்தகுமார் கொண்டுவந்து வைத்திருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"ஜெனி, குடு, நான் குத்துறேன்."

"நீ அந்தாண்ட கல்லப் பொறுக்கு."

வாசற்படியில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்த கன்னியம்மா கத்தினாள். "பொம்பளப் புள்ள, உனுக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? வேலைக்குப் போறவ!"

"நீ கால கீழ வெக்காதம்மா, போதும்."

பொறியாளர் மெல்ல ஜீப் பக்கம் நகர்ந்தார். "நீங்க எதையாவது பண்ணிக்குங்க. நான் எதையும் பாக்கல."

ஜெனிபர் நிமிர்ந்தாள். முழங்கால்வரை கறுப்புத் தண்ணீர்.

"பாக்காமத்தான சார் போன தபா ஆய்வு செஞ்சோம்னு எழுதினீங்க? இந்த தபா பாருங்க. நின்னு பாத்துட்டு, இன்னா பாத்தீங்களோ அத எழுதிட்டுப் போங்க."

தெரு ஜனம் ஜீப்புக்கு வழிவிடவில்லை. யாரும் மறிக்கவுமில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். அவர் கதவில் வைத்த கையை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அவள் ஓங்கிக் குத்தினாள். மூன்றாவது குத்தில் ஒரு செங்கல் உள்பக்கமாக விழுந்தது. அந்த ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் ஒரு தட்டளவுக்குச் சுழித்தது. ஜெனிபர் கடப்பாரையை அடுத்த கல்லின் இடுக்கில் சொருகினாள்.