எள்ளுப் புண்ணாக்கு

காசிராஜன் கடை நெய் என்றால் கோவில்பட்டியில் ஒரு மரியாதை உண்டு. நியாயமாகப் பார்த்தால் அந்த மரியாதை பக்கத்தில் எப்போதும்வென்றான் என்ற கிராமத்துப் பெத்தம்மாளுக்குச் சேர வேண்டியது. இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை தூக்குவாளி நெய்யோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். மழை பொய்த்த வருஷங்களில் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான்.

எழுபத்தெட்டில், தீபாவளி முடிந்த வாரம், கலப்படம் பிடிக்கும் இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். மூன்று பாட்டில்களில் நெய் எடுத்து அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுபோனார். நெய்யில் நல்லெண்ணெய் இருப்பதாக முடிவு வந்தது. நெய்யில் யாராவது வனஸ்பதி கலந்தால் சோதனையில் காட்டிக்கொடுக்கட்டும் என்றே, வனஸ்பதி தயாரிக்கும்போதே அதில் கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்க்கச் சர்க்கார் சொல்லியிருந்த காலம் அது.

"அப்ப இது வனஸ்பதி கலந்த நெய்தான். யார்கிட்ட வாங்குனீங்கன்னு எழுதிக் குடுங்க. இல்லைன்னா ஒங்க லைசென்ஸ் போயிரும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

காசிராஜனுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. தீபாவளி நெரிசலில் நல்லெண்ணெய் அள்ளிய கரண்டியை, துடைக்கக்கூடச் சோம்பல்பட்டு, நெய் டின்னுக்குள்ளும் விட்டிருந்தான். அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? லைசென்ஸ் என்றதும் பேனாவை எடுத்தான். பெத்தம்மாள் பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டான், பெரிய மனுஷன்.

அவளைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அபராதத்துக்கு ஓர் எருமை போனது. அதன்பின் பஜாரில் ஒருத்தரும் அவள் நெய்யைத் தொடவில்லை.

அடுத்த ஆடியில் அவளே கடைக்கு வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தான் காசிராஜன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அண்ணாச்சி, நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். எருமைக்கு எள்ளுப் புண்ணாக்குதான வச்சேன், அந்த எண்ணெதான் பால்ல எறங்கியிருக்கணும். ஆறு மாசமா புண்ணாக்கு வைக்கதையே விட்டுட்டேன். பால் பாதியாப் போச்சு, போனாப் போகுது. இந்த நெய்ய நீங்களே சோதிச்சுக்கிடுங்க."

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. கரண்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். கடையில் நாலு பேர் நின்றார்கள்.

பெத்தம்மாள் கைகூப்பினாள். "என்னால ஒங்க லைசென்ஸுக்கே ஆபத்து வந்துட்டுல்லா. மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி."

"பரவாயில்ல தாயி" என்றான் காசிராஜன்.

அப்படி அவன் அவளை மன்னித்தான்.