ஒன்பது வருடம் பின்தங்கிய கார்

பல்செட்காரர் வாங்கிய பழைய காரில் பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் வெளியே ஒன்பது வருடத்துக்கு முந்தைய தெரு தெரிந்தது. இறக்கினால் இன்றைய தெரு, ஏற்றினால் மறுபடி பழையது. காரை விற்றவர் தெருமுனை அலுவலகத்தில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். நல்ல மனிதர், எதையும் ஒளிக்கவில்லை. டயர் தேய்ந்திருக்கிறது, ஹாரன் சில நாள் அடிக்காது, பின்சீட்டில் ஒரு கிழிசல் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அதே மூச்சில், "பக்கவாட்டுல பாத்தா கொஞ்சம் பழசாத் தெரியும். ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றார். முன்கண்ணாடி மட்டும் எப்போதோ கல் பட்டு விரிசல் விட்டதால் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. அதில் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. ஓட்டுவதற்கு அது போதுமே என்று பல்செட்காரருக்குப் பட்டது. பின்னால் எடுக்கும்போது தலையை வெளியே நீட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

அவர் வீட்டின் முன்னறையில் பல்செட் செய்து மருத்துவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். தெருவில் அவளை எக்ஸ்ரே அக்கா என்பார்கள். காரைப் பார்த்துச் சொல்ல மெக்கானிக்கை அழைத்துவந்தார்கள். எந்த வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்வதால் அவருக்கு 'நாளைக்கு' என்றே பெயராகிவிட்டது. சொந்தத் தாயாரே அப்படித்தான் கூப்பிட்டார். நாளைக்கு பானெட்டைத் திறந்தார், ஆயில் பார்க்கும் கம்பியை உருவி விரலில் தேய்த்து முகர்ந்தார், பக்கக் கண்ணாடி வழியாக ஒருமுறை தெருவைப் பார்த்தார். "ஒன்பது வருஷமா யாரும் கை வைக்கல சார். வண்டி ஓடியிருக்கு, ஆனா காலத்தோட வரல. செய்யவேண்டியத விட்டுட்டா பின்தங்கத்தானே செய்யும்?" என்றார். அன்றே எஞ்சின் ஆயிலையும் அதன் பில்டரையும் மாற்றினார். தார் போலக் கெட்டியாக வந்த ஆயில் வடிந்து முடிந்து புதியது உள்ளே போனதும், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எதிர்ச் சுவரின் சுண்ணாம்பு சட்டென்று வெளுத்தது, மாடிவீட்டுக் கைக்குழந்தை எழுந்து நடந்தது. அரை வருடம் முன்னே வந்திருக்கிறது என்று நாளைக்கு கணக்குச் சொன்னார். மீதி வேலைகளையும் செய்துவிட்டால் கார் இன்றைக்கு வந்து சேர்ந்துவிடும் என்றார்.

செய்திருப்பார்கள். ஆனால் அதற்குள் எக்ஸ்ரே அக்கா ஒரு மாலை பின்சீட்டில் உட்கார்ந்தபடி தெருமுனையைக் கடந்தாள். "என்னங்க, நிறுத்துங்க" என்றாள். வரைபட அலுவலகத்தின் ஓரமாக, இன்று துருப்பிடித்துப் பூட்டிக் கிடக்கும் பெட்டிக்கடை, கண்ணாடியில் திறந்திருந்தது. உள்ளே அவளுடைய அண்ணன் உட்கார்ந்து சாவி வெட்டிக்கொண்டிருந்தார். பித்தளைத் தூள் மடியில் உதிர்ந்தது. அவர் இறந்து நான்கு வருடமாகிறது.

அதற்குப் பிறகு காரில் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். ஏன் என்று கணவர் கேட்கவில்லை. தினமும் அவள் வேலை முடிந்து வந்ததும் அவர் காரைக் கொண்டுபோய் முனையில் நிறுத்துவார். அவள் பின்சீட்டில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வாள். அண்ணன் சாவியை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம்தான் சாப்பிடுவார், அது அவர் வழக்கம். அதைக் கொண்டுவருகிற ஒல்லியான பெண் அவளேதான். அந்தப் பெண் அடுக்குப் பாத்திரத்தைப் பிரித்து வைப்பாள். அண்ணன் தன் முக்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுவார். இருவரும் எதற்கோ சிரிப்பார்கள். சத்தம் கேட்காது. எதற்குச் சிரித்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. அதைத்தான் ஒவ்வொரு நாளும் கண்டுபிடிக்கப் பார்த்தாள்.

விஷயம் பரவி, தெருக்காரர்களும் வந்து பின்சீட்டில் ஏறினார்கள். யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. இடிக்கப்பட்ட சினிமாக் கொட்டகையை ஒருவர் பார்த்துவிட்டு, நினைத்த அளவுக்குப் பெரிதில்லையே என்றார். தனக்கு ஒரு காலத்தில் தலைநிறைய முடி இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லிவந்த தையல்காரர், மனைவியையும் அழைத்து வந்து நிரூபித்துவிட்டுப் போனார். ஆனால் எக்ஸ்ரே அக்கா வருகிற நேரத்தில் மற்றவர்கள் இறங்கி இடம் கொடுத்துவிடுவார்கள். அண்ணன் தங்கை கதை தெருவுக்கே தெரியும்.

தாய் தகப்பன் போனபின் அவளை வளர்த்துப் படிக்கவைத்தவர் அந்த அண்ணன்தான். கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, "பல்லு செய்யறவரா? கடிச்சு வச்சிட மாட்டாரே?" என்று சிரிக்கச் சிரிக்கக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "ஊரான் பூட்டைத் திறந்து பொழைக்கறவன் நீ. நீ பேசாத" என்றாள். அண்ணன் கல்யாணத்துக்கு வந்து, செய்யவேண்டியதைச் செய்து, சாப்பிடாமல் போனார். அதன்பின் அவர் அவளிடம் பேசவில்லை. அவளும் இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றிருந்தாள். பிறகு ஒரு நாள் சாவி வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருக்க அவர் அதன்மேல் சாய்ந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னார்கள்.

இப்படியே கார் நின்ற இடத்தில் நிற்க முடியுமானால் நின்றிருக்கும். ஆனால் பல்செட்களைக் கொண்டுபோக வேண்டுமே. தண்ணீர்த் தொட்டிச் சரிவில் ஒரு முற்பகல் பல்செட்காரர் பிரேக்கை மிதித்தபோது மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கார் தன் பாட்டுக்கு இறங்கி, வீடு கட்டுகிறவர்கள் கொட்டிவைத்திருந்த மணல் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது. கதவு திறந்து, பல்செட் தட்டு கவிழ்ந்து சாலை முழுக்கப் பற்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறி வாங்கப் போனவர்களும் குனிந்து குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். யாருடைய சிரிப்பு எது என்று பிரித்தெடுக்கவே ஒரு வாரம் ஆயிற்று. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தே போனார். எக்ஸ்ரே எடுத்தவள் அவர் மனைவி.

அவள் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தாள். விலா எலும்பு ஒன்றில் மெல்லிய கீறல். அதற்குச் சற்று உள்ளே, மங்கலாக, அவருடைய இதயம். எத்தனையோ ஆயிரம் பேருடையதைப் பார்த்தவள், கணவருடையதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"சிரிச்சாத்தான் வலிக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, பிரேக் பிடிக்கலன்னு?"

"சொன்னா நீ மாத்தச் சொல்லிடுவ" என்றார் அவர். "அப்புறம் அண்ணன் போயிடுவாரு."

மறுநாள் காலையில் அவளே பட்டறைக்குப் போனாள். "எல்லா வேலையையும் செஞ்சிடுங்க. ஒண்ணு விடாம." நாளைக்கு தன் வாழ்நாளில் முதல் தடவையாக, "இன்னைக்கே ஆரம்பிச்சிடறேன் அக்கா" என்றார். ஒரே ஒரு நிபந்தனை. பட்டறையில் வேண்டாம், காரைத் தெருமுனையில் நிறுத்தி வேலை பார்க்க வேண்டும். அவர் வேலை செய்கிறபோது அவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள்.

அப்படித்தான் நடந்தது. அவள் லீவு போட்டாள். வீட்டில் ஓய்வாக இருக்கச் சொல்லியும் கேட்காமல் பல்செட்காரர் நெஞ்சில் கட்டோடு வந்து, நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். காற்று பில்டரைக் கழற்றியபோது அதில் அடைந்திருந்த பழைய வருடங்களின் தூசி பறந்து, முனையில் நின்றவர்கள் எல்லோருக்கும் தங்கள் பழைய வீடுகளின் வாசனை அடித்தது. ரேடியேட்டரிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. கண்ணாடியில் அவள் கல்யாண மாதம் வந்து, போயிற்று. சாப்பாடு கொண்டுவரும் பெண் வரவில்லை. அண்ணன் ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றுவிட்டு, முக்காலியைப் பழக்கதோஷத்தில் வெளியே தள்ளி வைத்தார். பிறகு பார்த்து, உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிளக் மாற்றிய அன்று அவள் வேறொன்றைக் கண்டாள். சாயங்காலம் அண்ணன் கடையை இழுத்துச் சாத்திவிட்டு நேராகக் காரை நோக்கி வந்தார். வரைபடக்காரர் அந்நாளில் காரை நாள் முழுதும் அங்கேதான் நிறுத்துவார். நிற்கிற காரின் கண்ணாடி தெருவுக்கே பொதுவான முகக்கண்ணாடி. அண்ணன் குனிந்து தலை வாரினார், சட்டையின் மேல்பட்டனைப் போட்டார், கையைத் துடைத்துக்கொண்டு அவள் வீட்டுப் பக்கமாக நடந்தார். சற்று நேரத்தில் திரும்பி வந்தார். அடுத்த நாளும் அதேபோல. அதற்கடுத்த நாளும்.

"வண்டியை நம்ம வாசலுக்குக் கொண்டுபோகணும்" என்றாள் அவள். எஞ்சின் பாதி பிரித்துக் கிடந்தது. முனையில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். தையல்காரர் ஸ்டியரிங் பிடித்தார். வாசலில் நிறுத்திய கார்க் கண்ணாடியில், எதிர்ப்பக்க விளக்குக் கம்பத்தடியில் அண்ணன் நின்றிருந்தார். மறுபக்கக் கண்ணாடியில், வீட்டு ஜன்னலுக்குள் அவள், அந்த வருடத்து அவள், ஆஸ்பத்திரிக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் சாலையைக் கடந்து கேட் அருகே வந்தார். தாழ்ப்பாளில் கைவைத்தார், எடுத்துவிட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து, கீலுக்கும் பூட்டுக்கும் சொட்டுச் சொட்டாக விட்டார். கேட்டை மெல்ல ஆட்டிப் பார்த்தார். திருப்தியாகி, தலையை அசைத்துக்கொண்டு போனார்.

அவள் கண்ணாடியை இறக்கிக் கணவரைப் பார்த்தாள். "குடிவந்த புதுசுல இந்த கேட்டு கிறீச்சுன்னு கத்தும். அப்புறம் தானா நின்னுடுச்சு. நீங்கதான் எண்ணெய் போட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் நீ போட்டேன்னு நெனச்சேன்."

அவள் அழுதாள். தள்ளிவந்தவர்கள் கேட்டையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளைக்கு மட்டும் கேட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, "நல்ல எண்ணெய்" என்றார்.

பிரேக்கும் கியர்பாக்ஸ் ஆயிலும் ரப்பர்க் குழாய்களும் முடிந்தபின் டைமிங் பெல்ட் மட்டும் பாக்கி இருந்தது. வெடிப்பு விட்டு, எந்த நிமிடமும் அறுந்துவிடும் நிலையில் இருந்தது அது. அறுந்தால் எஞ்சினே போய்விடும். "இதை மாத்தினா ஒரே தாவல்ல இன்னைக்கு வந்துடும் அக்கா. நடுவுல நிக்காது" என்றார் நாளைக்கு. நடுவில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அவள் காரைத் திரும்ப முனைக்குத் தள்ளச் சொல்லி, பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் வந்து குனிந்தார். இளைத்திருந்தார். அவர் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடியின் கனம். அவள் பேசினாள். என்ன பேசினாள் என்று வெளியே இருந்த யாருக்கும் கேட்கவில்லை. பல்செட்காரர் பிற்பாடும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கொஞ்ச நேரமே பேசினாள் என்றும், கடைசியில் எதற்கோ சிரித்தாள் என்றும் மட்டும் சொல்வார். அண்ணன் சீப்பைப் பாதியில் நிறுத்தினார். விரலால் புருவத்தை நீவிவிட்டுக்கொண்டு அவரும் சிரித்தார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார் என்பது நாளைக்கின் கருத்து. எக்ஸ்ரே அக்கா அதை மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதுமில்லை. அவர் சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, "ம்" என்று அவள் பானெட் பக்கம் சைகை காட்டினாள். பெல்ட் ஏறியது. சாவியைத் திருகியதும் எஞ்சின் இருமல் இல்லாமல் கிளம்பியது. கண்ணாடியில், ஒரு கையால் நாற்காலியையும் மறு கையால் தன் விலாவையும் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற கணவர் தெரிந்தார்.

அதன்பின் கார் காலத்தோடு ஓடியது. பல்செட்காரர் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டே பின்னால் எடுத்தார். மறுவருடம் சர்வீஸ் தேதி வந்தபோது நாளைக்கு ஊரில் இல்லை, ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அவர்கள் எங்கோ கிளம்பி ஏறி உட்கார்ந்தபோது, வாசல் பக்கக் கண்ணாடியில் போன வாரத்து அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். மார்க்கெட்டுக்கு எந்த வழியாகப் போவது என்று காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பையை அவர் வாங்கப்பார்க்க, அவள் கொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார் பல்செட்காரர்.

"பாருங்க, தெரியும்" என்றாள் அவள்.

போகவேண்டிய இடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அவர்கள் இருவரும் அந்த இருவரையும் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். இன்றுவரை அந்தக் காருக்கு எந்த வேலையும் விட்டுப்போவதில்லை. சர்வீஸ் மட்டும் வருடாவருடம் ஒரு வாரம் தாமதமாகிறது. தெருவில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.