லேசான கை

பதினோரு நாளாக எழிலரசியும் சந்திரகலாவும் பேசிக்கொள்ளவில்லை. லேபில் இருவருக்கும் ஒரே மேசை, ஒரே மைக்ராஸ்கோப். ஸ்லைடு காய்ந்ததா என்று கேட்பதற்குக்கூட ஆயா காசியம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் துடைப்பத்தோடு நடுவில் நின்று, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொன்னாள்.

“கை நீட்டினா தொடுற தூரம். இதுக்கு ஒரு தூது. வேலை ஜாஸ்தியாப் போச்சுன்னு சார்கிட்ட சொல்லப்போறேன், பாருங்க.”

தேரடித் தெரு மாடியில் இருக்கும் அந்த லேபுக்கு, விடிந்ததும் விடியாததுமாக வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஏழு வருஷமாக ரத்தம் எடுத்தவள் எழிலரசி. சந்திரகலா வந்து ஆறு மாசம்கூட நிறையவில்லை. அதற்குள் அவள் கை லேசான கை என்று பேராகிவிட்டது.

“இன்னாம்மா, அந்தப் பொண்ணு இல்லியா? சரி, நான் குந்தியிருக்கேன். வரட்டும்.”

எழிலரசியின் எதிரில் நாற்காலி காலியாக இருக்கும்போதே இப்படிச் சொல்வார்கள். அவள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துவிட்டு, நனைத்த பஞ்சோடு நிற்பாள். சந்திரகலா ரத்தம் எடுக்கும்போது திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அதே ஊசி, அதே நரம்பு. அப்படி என்னதான் செய்கிறாள் என்று பிடிபடவே இல்லை. வீட்டில் தன் கையைத் தானே குத்திப் பார்த்தாள். வலித்தது.

அப்புறம்தான், முந்தின நாள் ரத்தம் கொடுத்துப் போன ஒரு பெரியவரின் மகன் அருணகிரி, செல்போனில் ஒரு படத்தோடு வந்தார். “எங்கப்பா கையப் பாருங்க சார், எப்படி வீங்கியிருக்குது! மூணு எடத்துல குத்தியிருக்காங்க” என்று கத்தினார். முதலாளி சகாதேவன் எழிலரசியைப் பார்த்து, “புதுப்பொண்ணு வேலையா?” என்று கேட்டார். அவள் ரத்தம் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாக மெஷினுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. வெளியே போயிருந்த சந்திரகலா திரும்பியதும் நல்ல திட்டு விழுந்தது. “நான் எடுக்கல சார்” என்றாள். எழிலரசியை ஒரு பார்வை பார்த்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

இன்று மத்தியானம் சகாதேவன் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பேசாம இருந்து இருந்து நேத்து ரெண்டு பேர் ரிப்போர்ட்டு மாறிப்போச்சு. இனிமே தாங்காது. கீழ்பென்னாத்தூர்ல கிளை தொறக்கிறேன். ஒருத்தர் அங்க போகணும். யாருன்னு இப்பவே முடிவாகணும்.”

போகப்போவது யார் என்று எழிலரசிக்குத் தெரியும். நாளை முதல் அந்த நாற்காலி தன் எதிரில் காலியாக இருக்காது. நினைக்கும்போதே நெஞ்சு லேசானது.

சந்திரகலா எழுந்தாள். “நானே போறேன் சார். அந்தக் கை வீங்கினதும் என்னாலதான்னு வச்சுக்குங்க. அக்காவ ஒண்ணும் கேக்காதீங்க.”

சகாதேவன் கண்ணாடியைக் கழற்றினார். “எவ்ளோ பெரிய மனசு! வயசுல சின்னது, இதுக்கு இருக்கிற பக்குவத்தப் பாரு எழிலு. நீயும் கத்துக்க.”

கதவோரம் நின்ற காசியம்மாள்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எழிலரசிக்குக் காது சுட்டது. ஊர் ஜனம் போதாதென்று, இப்போது சாரும் அந்தப் பக்கம், ஆயாவும் அந்தப் பக்கம். செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு, அதற்கும் இவளே நல்ல பேர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். லேபில் எல்லோரும் தினம் இவள் பேச்சையே பேசுவார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

“ஒண்ணும் வச்சுக்க வேணாம்” என்றாள். குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. “அவளுக்கு இன்னா தெரியும்? அந்தப் பெரியவர இவ கண்ணால பாத்ததுகூட இல்ல.”

“அப்புறம் யாரு குத்துனது?”

“நான்தான் சார். மூணு தடவையும் நான்தான். அவர் சந்திரகலா வரட்டும்னுதான் சொன்னாரு. நான்தான் விடல.”