இடுப்புத் தையலும் இரண்டு தட்டும்

“நீ பிரிச்சு விட்டதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்...”

“சொன்னா அன்னிக்குப் பேண்ட் போடாம வேலைக்குப் போயிருப்பீங்களா...”

“நான் பேசிக்கிட்டிருக்கேன்.”

“நானும்தான் பேசிக்கிட்டிருக்கேன்.”

“அந்த நர்ஸம்மா முன்னாடி என் மானமே போச்சு.”

“மானம் எங்கயும் போகல. இடுப்புதான் போயிருக்கு.”

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவள் வீட்டு முன்னறையில் தையல்கடை வைத்திருப்பவள். பிள்ளைகள் படிப்பு முடிந்து வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். அதனால் சண்டைக்கு நடுவர் கிடையாது.

அன்று காலை டிப்போவில் மருத்துவப் பரிசோதனை. எடையும் ஏறியிருக்கிறது, சர்க்கரையும் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. “உங்க மிஷின்ல ஏதோ கோளாறு சார். வேலைக்குச் சேர்ந்தப்ப இருந்த இடுப்புதான் எனக்கு இன்னிக்கும். பேண்ட் சைஸ் மாறவே இல்ல” என்று வாதாடினார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அவருடைய இடுப்புப் பட்டியைப் பின்பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். பிரித்துத் தைத்த பழைய ஊசித்துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. உள்ளே மடித்து விட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்துபோன இடத்தில், வேறொரு கறுப்புத் துணி ஒட்டுப் போடப்பட்டிருந்தது.

“உங்க வீட்ல யார் சார் டெய்லர்?” என்று கேட்டாள் நர்ஸ்.

“பட்டி அழுந்தி வயிறு செக்கச்செவேல்னு கெடந்துச்சு. பார்க்கச் சகிக்கல, பிரிச்சு விட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?” என்றாள் இப்போது மனைவி.

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்தான் சகிக்கல.”

அவருக்கு அதற்குமேல் கோபத்தை இழுத்துப் பிடிக்கத் தெரியவில்லை. துணிக்குவியலை நகர்த்திவிட்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்பாங்களாம். அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பஸ் வர்ற நேரம் போற நேரம் எழுதுற மேசையில உக்காரணும். அப்பவும் குறையலைன்னா கடைசி வரைக்கும் அந்த மேசைதான்.”

அவள் வாயில் கடித்திருந்த குண்டூசிகளை எடுத்தாள். ஆற்றோர ரூட்டுக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்து வாங்கினார் என்பது அவளுக்குத் தெரியும். சாயங்காலம் முழுக்க மரநிழல், காற்று, அவசரப்படாத ஜனங்கள். அந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே வேறு மாதிரி இருக்கும்.

“நர்ஸம்மா வேற என்ன சொன்னாங்க?”

“பாதித் தட்டுக்குக் காய்கறி. டிவி கூடாது, போன் கூடாது. மெதுவா மென்னு, என்ன சாப்பிடறோம்னு கவனிச்சுச் சாப்பிடணுமாம்.”

“நீங்க கவனிக்கிறதுக்குள்ளதான் தட்டு காலியாயிடுதே.”

மறுநாள் சாயங்காலம் அவர் சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது தட்டின் விளிம்பில் எதிரெதிரே, துணியில் அளவு குறிக்கும் சாக்பீஸால் போட்ட இரண்டு கோடுகள் இருந்தன.

“தட்டு என்ன துணியா?”

“அளவு போட்டாத்தான் எனக்குக் கை ஓடும். இந்தப் பக்கம் காய், அந்தப் பக்கம் சோறு. கோட்டைத் தாண்டக்கூடாது.”

“சிக்னல் மாதிரி.”

“நீங்க மதிக்கிற ஒரே விஷயம் அதுதானே.”

அவர் பீன்ஸை அள்ளி வாயில் போட்டார். அது தொண்டையில் இறங்குவதற்குள் அடுத்த கவளம் தயாராக இருந்தது.

“பின்னால யாராவது ஹாரன் அடிக்கிறாங்களா?” என்றாள் அவள் அடுப்படியிலிருந்து.

அவர் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு மென்றார். மெல்லும்போது பார்வைக்கு வேலை இல்லை. டிவியும் இல்லாததால் அது அறையைச் சுற்றிவந்து அவள்மேல் நின்றது. அவள் அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்று, பாத்திரத்தில் ஒட்டியிருந்த சோற்றை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“நீ உக்காந்து சாப்பிடறதில்லையா?”

“இதோ சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“அது வழிக்கிறது. தட்டு எங்க?”

“ஒரு ஆளுக்கு இன்னொரு தட்டைக் கழுவணுமா? கடையில ஆள் வந்துடும், விடுங்க.”

“எத்தனை வருஷமா இப்படி?”

“கேக்குறீங்களே இப்ப. உங்க பேண்டைப் பிரிச்சு விட்ட அத்தனை வருஷமா.”

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து எதிரே வைத்தார். சாக்பீஸைத் தேடியெடுத்து, கொஞ்சம் கோணலாக, அதிலும் இரண்டு கோடு போட்டார். அவள் ஸ்டூலின் ஓரத்தில், எழுந்திருக்கப் போகிறவள் போலவே உட்கார்ந்தாள். கடைவாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

“சாப்பிடுறாங்க, கொஞ்சம் இருங்கம்மா” என்று இவர் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். அப்படி ஒரு பதில் அந்த வீட்டிலிருந்து அதற்குமுன் வந்ததில்லை.

அப்புறம் அது வழக்கமாயிற்று. முதலில் பேச ஒன்றும் அகப்படவில்லை. பிறகு அவள் கடையில் நடந்ததைச் சொன்னாள், அவர் மேசைவேலையைத் திட்டினார்.

“இந்தக் கேரட்ல புதுசா என்ன போட்ட?”

“எப்பவும் போடுற மிளகுதான்.”

“நல்லாயிருக்கே.”

“எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் நிக்காம போயிட்டீங்க.”

ஒருநாள் அவர் சட்டைப் பையில் கறை இருந்தது.

“டிப்போல கிரீஸ் பட்டுடுச்சு” என்றார் அவர்.

அவள் சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். “கிரீஸுல வெங்காய வாசனை வருமா?”

அவர் தரையைப் பார்த்தார். டிப்போ கேண்டீனில் வெங்காயம் வைத்துப் பொரித்த பன், நின்றபடியே இரண்டு. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் சட்டையை வாளியில் போட்டாள்.

“அடுத்த தடவை ஆசையா இருந்தா ஒண்ணே ஒண்ணு வாங்கி இங்க கொண்டாங்க. ரெண்டா பிய்ச்சு உக்காந்து திம்போம். ஒளிஞ்சு தின்னா ருசி தெரியுமா?”

அடுத்த வாரம் கொண்டுவந்தார். ஆளுக்குப் பாதி. கோட்டுக்குள் வைத்து மெதுவாகத் தின்றார்கள்.

“ஒரே உப்பா இருக்கு” என்றார் அவர் ஆச்சரியமாக.

“பழைய எண்ணெய். இதுக்கா பொய் சொன்னீங்க?”

இருவரும் சிரித்தார்கள். அவர் வைத்த மிச்சத்தையும் அவள் தின்று முடித்தாள். வீணாக்க அவளுக்கு மனம் வராது, அது மட்டும் மாறவில்லை.

மறுபரிசோதனை முடிவு வரும் நாளில் அவள் ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

“சொல்லுங்க.”

“ஸ்டியரிங்கைக் கொடுத்துட்டாங்க. எல்லாம் குறைஞ்சிருக்கு. நாளைக்கே வண்டி எடுக்கலாம்.”

அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்து, முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். “நல்லது” என்றாள். “அப்ப ஆத்தோர வண்டி. ராத்திரி வர்றதுக்குப் பத்து மணியாயிடும். உங்களுக்கு மூடி வைக்கிறேன்.”

“ஆத்தோர வண்டியை வேற டிரைவர் கேட்டுக்கிட்டிருந்தார். எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்.”

“என்னது?”

“காலை வண்டி வாங்கியிருக்கேன். மார்க்கெட் ரூட். ஒரே நெரிசல், ஒரே சத்தம். ஆனா சாயங்காலம் வீட்ல இருப்பேன்.”

“அந்த ரூட்டுக்கு எவ்வளவு நாள் தவம் கெடந்தீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை...”

அவர் வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். ஒன்பது மணிவரை வருகிறவர்களுக்காக அவள் அடுக்கி வைத்திருந்த துணிகளை ஒருமுறை பார்த்தார்.

“நான் ஏழு மணிக்குத் தட்டு எடுத்து வெச்சிடறேன். நீ கடையை எப்ப சாத்துவ?”