கரடி மாமாவுக்குத் தெரியாத எலி

எதையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பாடம் எடுக்கும் கரடி மாமா, வீட்டில் செய்தித்தாளின் நடுத்தாளைக்கூட மனைவிக்கு உருவித் தர மாட்டார். கடைசி விளம்பரம் வரை படித்துவிட்டு, மடித்துத் தன் முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொள்வார்.

கரடி மாமா என்பது குழந்தைகள் வைத்த பெயர். அவர் எழுதும் படப் புத்தகங்களில் பஞ்சு என்றொரு பொம்மைக் கரடி வரும். கூடவே ஒரு துணி முயல், ஒரு மர ஒட்டகச்சிவிங்கி, சாவி கொடுத்தால் நடக்கும் ஒரு வாத்து. எல்லாப் புத்தகத்திலும் ஒரே கதைதான். கரடி எதையாவது ஒளித்து வைத்துக்கொள்ளும், முயல் அழும், ஒட்டகச்சிவிங்கி அறிவுரை சொல்லும், கடைசிப் பக்கத்தில் கரடி மன்னிப்புக் கேட்க, எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கேக் தின்பார்கள். ஒரு புத்தகத்தில் ஒளித்தது பந்து. அடுத்ததில் குடை. அப்புறம் பொம்மை ரயில். இதை எழுத அவருக்கு ஒரு மத்தியானம் போதும். அதிலும் பாதி நேரம் கண்ணை மூடி யோசிப்பார், குறட்டையோடு.

படம் வரைவது அவர் மனைவி. முயலின் காதில் தையல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்கே அவளுக்கு ஒரு முழு நாள் போய்விடும். ஆனால் அட்டையில் அவர் பெயர்தான், கரடியின் தொப்பையைவிடப் பெரிதாக. அவள் பெயர் உள்ளே, அச்சகத்தின் முகவரிக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். பதிப்பகம் அவருடைய அக்காவுடையது; அவளுக்கு அண்ணி. ஆகவே முறையிடவும் வேறு வாசல் கிடையாது.

அன்று நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும் நிகழ்ச்சி. கண்ணாடி முன் நின்று அவர் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"என்னங்க, அடுத்த புத்தகத்துலயாவது அட்டைல என் பேரு வரணும். அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஏம்மா, புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன உன் பேரு, என் பேரு? என் பேரு இருந்தா உன் பேரு இருந்த மாதிரிதானே?"

"அப்ப என் பேரை மட்டும் போடச் சொல்லுங்க. உங்க பேரு இருந்த மாதிரிதானே?"

சீப்பு பாதித் தலையில் நின்றது. "ஆரம்பிக்காத. கதைதாம்மா உசிரு. படம்ங்கறது சட்டைக்குப் பித்தான் மாதிரி."

"சரி, இன்னைக்குப் பித்தான் இல்லாம வாங்க. ஊரு பாக்கட்டும்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீதித் தலையையும் வாரி முடித்தார்.

அந்தப் பதிப்பகத்தில் வேலை நடக்கும் விதம் இப்படி: அவர் எழுதியது நேராக அக்காவிடம் போகும். அக்கா பக்கம் பிரித்து அவளிடம் அனுப்புவாள். அவள் வரைந்தது நேராக அச்சுக்குப் போகும். புத்தகமாக வந்ததும் அவர் அட்டையில் தன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு அலமாரியில் அடுக்குவார். திறக்க மாட்டார். தான் எழுதியதைத் தானே எதற்குப் படிப்பது? கூட்டங்களில் மூக்குக் கண்ணாடி போட்டால் வயசு தெரியுமென்று, கதையைக் கொட்டை எழுத்தில் தனித்தாளில் அடித்துக்கொண்டு போய்த்தான் வாசிப்பார்.

நூலகத்திலும் அப்படியே வாசித்தார். குழந்தைகள் விரிப்பில் உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகத்தை மடியில் பிரித்து வைத்திருந்தார்கள். அண்ணி முன்வரிசையில். அவள் கடைசியில், விற்பனைக்கு வந்த புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு குட்டி நாற்காலியில். பஞ்சு மன்னிப்புக் கேட்டது, எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள், கைதட்டல் முடிந்தது.

"யாருக்காவது சந்தேகம் இருந்தா மாமாகிட்ட கேளுங்க, கண்ணுங்களா!"

முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள். "மாமா, எலியோட வாலை யாரு எடுத்தா?"

"எந்த எலி?"

விரிப்பு முழுக்கச் சிரிப்பு. மாமா விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த எலியை முதல் புத்தகத்திலேயே அவள் வரைந்திருந்தாள். பழைய காலுறையில் தைத்த எலி; இந்தப் புத்தகத்தில் அதன் வாலைக் காணோம். கதையில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மெத்தைக்கு அடியில், அலமாரி இடுக்கில், பக்கத்தின் மூலையில் அது பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தது. ஒட்டகச்சிவிங்கி அறிவுரையை அளந்துகொண்டிருக்கும்போது, எலி பின்னால் கேக்கை இழுத்துக்கொண்டு போகும். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகளுக்கெல்லாம் அது மனப்பாடம்.

கரடி மாமா திருதிருவென்று விழித்தார். ஆனால் பேசியே பிழைத்தவர் அல்லவா, சட்டென்று சமாளித்தார். "ஓ, அந்த எலியா! மாமாதான் அதை ஒளிச்சு வெச்சேன், நீங்க கண்டுபிடிக்கறீங்களான்னு பாக்க. அவன் பஞ்சுவோட சிநேகிதன்."

பின்னால் குட்டி நாற்காலி கிறீச்சிட்டது. எலியும் அவர் பெயருக்கே போயிற்றா? அவள் எழுந்துவிட்டாள்.

வாயைத் திறக்கத்தான் அவசியம் வரவில்லை.

"சிநேகிதன் இல்ல மாமா," என்றாள் சிறுமி, பொறுமையாக. "பஞ்சுவுக்கு எலியத் தெரியவே தெரியாது."

"அது அவன் இல்ல, அவ," என்றான் இன்னொருவன். "குட்டி போட்டிருக்கா."

"எங்க?" என்று கேட்டுவிட்டார் மாமா.

"அலமாரிக்குப் பின்னாடி! நீங்க உங்க புக்கப் பாக்கவே மாட்டீங்களா?"

மாமாவின் முகத்தில் அசடு வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கையில் இருந்தது கதைத் தாள் மட்டுமே. குழந்தைகள் அதற்குள் அவரை மறந்துவிட்டு, எலி எந்தெந்தப் பக்கத்தில் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

கட்டுக் கட்டாகப் புத்தகம் விற்றது. அண்ணி விடுவாளா? அங்கேயே உத்தரவு போட்டாள்.

"தம்பி, அடுத்தது எலி கதை. எழுதிக் கொடு."

வீட்டுக்கு வந்ததிலிருந்து கரடி மாமாவின் குரலில் தேன் ஒழுகியது. "ஏம்மா, அந்த எலி இருக்கே, அதுக்கு என்னதான் பிரச்சினை?"

"உங்க எலிதானே? நீங்கதானே ஒளிச்சு வெச்சீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

அவர் எழுதிப் பார்த்தார். எலி எதையோ ஒளித்து வைத்தது; மன்னிப்புக் கேட்டது; எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். வேறு எதுவும் அவருக்கு வரவில்லை. அக்கா அதைப் படித்துவிட்டு, "கரடிக்கு வால் ஒட்டிக் கொடுத்திருக்கியா?" என்று திருப்பி அனுப்பினாள்.

அதற்குள் அவள் வரைந்து முடித்திருந்தாள். படங்களை எடுத்துக்கொண்டு போய் அண்ணியின் மேசையில் பரப்பினாள்.

"எழுத்து எங்கம்மா?"

"எழுத்து இல்ல அண்ணி. இவ்வளவுதான்."

"எழுத்து இல்லாமப் புத்தகமா? நல்லாருக்கே!" அண்ணி பென்சிலை எடுத்தாள். முதல் படத்தில், வாலில்லாத எலி ஜன்னல் திட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இங்க, 'எலி சோகமாக இருந்தது'ன்னு ஒரு வரி..." சொல்லிப் பார்த்தாள். நன்றாக இல்லை. அடுத்ததற்குப் போனாள். "'எலி தைரியமாகக் குதித்தது.' ம்ஹும். அதான் குதிச்சிருச்சே, அதை வேற எதுக்குச் சொல்லிக்கிட்டு?" கடைசிப் படம் வரைக்கும் பென்சில் தாளைத் தொடவில்லை.

"அப்ப அட்டைல..." என்று இழுத்தாள் அண்ணி.

"என் பேரு. வேற யாரு இருக்கா இதுல?"

"அவன் குதிப்பானேம்மா. நான் என்ன சொல்றது?"

"பஞ்சு வழக்கமா என்ன செய்யும்? கடைசிப் பக்கத்துல சரின்னு தலையாட்டிட்டுக் கட்டிப்பிடிக்கும். அதை எழுதினவருக்குத் தெரியாதா?"

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பிக்காக அவள் பரிந்து பேசியது அத்தோடு முடிந்தது.

புத்தகம் வந்த அன்று அவர் அதைக் கையில் வாங்கினார். பழக்க தோஷத்தில் அட்டையைத் தடவினார். தொப்பை அளவுக்குப் பெரிய எழுத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். வாசிக்க ஒன்றுமில்லாத புத்தகத்தை என்ன செய்வது? வேறு வழியில்லாமல் திறந்தார்.

அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பின்னால் பக்கம் புரளும் சத்தம் வந்தது, நின்றது, திரும்பப் புரண்டது.

"ஏம்மா, வாலுக்குப் பதிலா இந்தக் கயிறை அதுக்கு யாரு கொண்டுவந்து கொடுத்தா?"

"படத்துலயே இருக்கு. பாருங்க."

"எங்க? காணுமே."

"நல்லாப் பாருங்க."

அவர் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை விரலை வைத்துக்கொண்டு, மெதுவாக. அவள் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இரண்டு பேருக்கு இருந்தது. பாதியைக் கொட்டிவிட்டு, தனக்கு மட்டும் தேநீர் போட்டுக்கொண்டாள்.